திரையில் ஒரு துளை

அன்புள்ள மச்சானுக்கு, நீயும் நலம், கடையும் நலம் என்ற நம்பிக்கையில் அத்தான் எழுதுவது.

பித்தக்குழாயில் வந்த புற்றுக்கு வெளிச்ச வைத்தியம் முடிந்து, மூன்று நாளாக மாடி அறையில் இருட்டில் உட்கார்ந்திருக்கிறேன். வரி கோணினால் பொறுத்துக்கொள். முதலில் நரம்பில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து வாய்வழியே குழாய் விட்டு, நூல் மாதிரி ஒரு கண்ணாடி இழையால் உள்ளே சிவப்பு வெளிச்சம் காட்டினார்கள். வெளிச்சம் பட்டால்தான் அந்த மருந்து வேலை செய்யுமாம். முழுசாகப் போய்விடுமா என்று டாக்டரைக் கேட்டேன். "போகாது. அடைப்பு குறையும், நாள் கிடைக்கும்" என்றார். கடையில் விற்கிற சரக்கைப் பற்றி இவ்வளவு நேர்மையாக நான் யாரிடமும் பேசியதில்லை.

மருந்து தோலிலும் நிற்பதால் ஒரு மாதத்துக்கு வெளிச்சம் ஆகாது என்று கேட்டதும், உன் அக்கா ஜன்னலுக்கு நம் கடையின் இருட்டுத் திரையை மாட்டிவிட்டாள். ஒரு பொட்டு வெளிச்சம் வராது என்று இருபது வருடமாக நான் சொல்லி விற்கிற அதே துணி. வருகிறது மச்சான். நட்டநடுவில் மிளகளவு துளை. போன வருடம் இதையே சொல்லித் துணியைத் திருப்பிக்கொண்டு வந்த வாத்தியாரை, கண் டாக்டரைப் பாருங்கள் என்று அனுப்பினேனே, அவரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். கையோடு இரட்டை அடுக்குத் துணி ஒன்று அனுப்பு.

அதுவரை துளைதான் துணை. அதன் வழியாக எதிர்ச்சுவரில் தெரு வந்து விழுகிறது, தலைகீழாக. மரம் கூரையிலிருந்து தொங்குகிறது, சைக்கிள்கள் சத்தமில்லாமல் மேலே மிதந்து போகின்றன, வானம் என் கால்மாட்டில் கிடக்கிறது. நேற்று ஒருத்தி பையோடு மெதுவாக நீந்தி வந்தாள். யார் இவ்வளவு அழகாக நடப்பது என்று பார்த்தால், மருந்துக்கடைக்குப் போய்த் திரும்பும் உன் அக்கா. கல்யாணமான நாளாகக் கல்லாவை விட்டு எழுந்திருக்காதவன், அவள் தெருவில் நடப்பதை எங்கே பார்த்தேன்? இன்னும் கொஞ்ச நாள் கிடைத்தால் தேவலை என்று அப்போதுதான் தோன்றியது. அவளிடம் சொல்லிவைக்காதே.

உனக்கும் பிள்ளைகளுக்கும் நீண்ட ஆயுளும் நல்ல வெளிச்சமும் அமையட்டும்.

இப்படிக்கு,
அத்தான்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள், வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸம்மா வந்துவிட்டார். "யாருங்க இப்படிக் குகை மாதிரி அடைச்சு வெச்சது? வெயிலும் பளீர் விளக்கும்தான் ஆகாது. சாதாரண வெளிச்சத்துல உட்கார்ந்தாத்தான் தோல்ல இருக்கிற மருந்து கொஞ்சங்கொஞ்சமா கரையும்" என்று திரையை விலக்கப் போனார். நான் விடவில்லை. ஏன் என்று கேட்டார். உன் அக்கா எதிரிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. "முன்னாடியே சொல்லியிருந்தா தலையையாவது வாரிக்கிட்டுப் போயிருப்பேன்" என்றாள். ஆகவே துணி அனுப்பாதே. வாத்தியாரிடம் மன்னிப்பும் வேண்டாம். அவர் சுவரில் என்ன தெரிந்தது என்று மட்டும் கேள். மூவரும் பேசி முடித்தது இதுதான்: திரை பாதி விலகியிருக்கும், நான் ஜன்னலை விட்டுத் தள்ளியே உட்கார வேண்டும், காலை ஒன்பதிலிருந்து பத்துவரை மட்டும் மூடியிருக்கும், அந்த ஒரு மணி நேரத்துக்குள் அவள் தெருவின் எதிர்ச்சாரியில் ஒரு தடவை போய்த் திரும்பி வருவாள்.