கழுத்துக்குக் கீழே பட்டதாரி

குன்னூரில் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே பட்டதாரி ஆனவர்கள் ஏராளம். அத்தனை பேரையும் பட்டதாரி ஆக்கியது ஒரே ஆள், ஒரே கேமரா, ஒரே கறுப்பு அங்கி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அவரை ஊரே 'பட்டம் அண்ணன்' என்றுதான் கூப்பிட்டது.

கிழிந்த குடைத் துணிகளைச் சேர்த்து அந்த அங்கியை அவரே தைத்திருந்தார். எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்து எந்தப் பிள்ளை போட்டோவுக்கு வந்தாலும் மாட்டிவிடுவார். தலையில் அட்டைத் தொப்பி, கையில் சுருட்டிய காலண்டர் தாள்.

"பஸ் பாஸுக்குத்தானுங்க போட்டோ" என்று பெற்றோர் கெஞ்சுவார்கள்.

"பாஸுக்கு மூஞ்சிதானுங்க வேணும்? கழுத்துக்குக் கீழே என் இஷ்டமுங்க."

ஆறு மாதக் குழந்தை ஒன்று அங்கிக்குள் காணாமல் போய், கடைசியில் கை வழியாக எடுத்தார்கள். புதுசாகக் கல்யாணமான ஜோடி வந்தபோது பெண்ணுக்கு அங்கியை மாட்டினார். மாப்பிள்ளை முறைத்தான். "உங்களுக்குத்தான் ஃபேக்டரில வேலை இருக்குதுங்களே, அவங்க படிக்கட்டும்" என்றார்.

நான் பன்னிரண்டாவது முடித்ததும் அப்பா மாப்பிள்ளை தேட ஆரம்பித்தார். அம்மா கொழுந்து பறிப்பவள், அப்பா தேயிலை ஃபேக்டரித் தொழிலாளி, எனக்குக் கீழே இரண்டு தங்கைகள். காலேஜ் என்ற சொல்லை நான் மனசுக்குள்தான் சொல்லிப் பார்ப்பேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் போட்டோ வேண்டுமென்று அப்பா என்னைப் பட்டம் அண்ணனிடம் அனுப்பினார். வந்த கவரைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் தரகரிடம் கொடுத்துவிட்டார்.

சோலூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள்.

"பொண்ணு என்னங்க படிச்சிருக்குது?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அம்மா.

"பன்னெண்டாவதுங்க" என்றார் அப்பா.

அந்த அம்மா கைப்பையிலிருந்து என் போட்டோவை எடுத்து நீட்டினார். அதில் நான் கறுப்பு அங்கியும் அட்டைத் தொப்பியுமாக நின்றிருந்தேன்.

"காலேஜ் முடிச்சதை மறைக்கறீங்களே! எங்க பையன் எட்டாவதுங்க. இவ இங்கிலீஷ்ல திட்டினா அவனுக்கு எப்படிங்க புரியும்?"

மாப்பிள்ளை என்னைப் பயத்தோடு பார்த்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. இங்கிலீஷில் மௌனமாக இருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, பஜ்ஜி தீர்ந்ததும் முதல் ஆளாக எழுந்தார்.

அப்பா ஸ்டூடியோவுக்கு ஓடினார். "ஏனுங்க, பொய்ப் போட்டோ எடுத்து என் மானத்தை வாங்கிட்டீங்களே!"

"அப்ப அதை நெசமாக்கிப் போடுங்க. பொய்யை அப்படியே உடறது பாவமுங்க."

அதற்குள் லைன் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. 'டிகிரி படிச்ச புள்ள' என்று மனு எழுதித் தரச் சொல்லி வாசலில் ஆள் நின்றது. இல்லை, இல்லை என்று ஒரு வாரம் விளக்கம் சொல்லி அப்பாவின் தொண்டை கட்டிக்கொண்டது.

"இனி என்னால ஆகாது. காலேஜுக்கே போய்த் தொலை!" என்று, வாங்கி வந்திருந்த காலேஜ் விண்ணப்பத்தை என்மேல் எறிந்தார். நான் அதைக் கீழே விழ விடவில்லை.

முதல் நாள் அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. பட்டம் அண்ணன் கடையைப் பூட்டிவிட்டு ஊட்டி வரைக்கும் கூட வந்தார். காலேஜ் கேட்டில் அவர் கால் நின்றுவிட்டது.

"உள்ள வாங்கண்ணே."

"நான் அஞ்சாவதோட நின்னவன் கண்ணு. நீ போ."

சாயங்காலம் வெளியே வந்தால், தூறலில் அதே இடத்தில் நின்றிருந்தார்.

"ஊட்டுக்குப் போகலையாண்ணே?"

"நீ பாதில ஓடியாந்துட்டா யாரு திருப்பி அனுப்பறது?"

திரும்பும் பஸ்ஸில் ஒரே ஓர் இடம்தான் காலி. பிறந்ததிலிருந்து என்னை 'வா, போ' என்று கூப்பிட்டவர், சீட்டின் ஈரத்தைத் துண்டால் துடைத்துவிட்டுச் சொன்னார்: "உக்காருங்க."