சனிக்கிழமைக்கு ஒரு ராஜபாளையம் நாய்

என் உத்தரவில்லாமல் இனி ஒருவரும் எங்கள் வீட்டுக்குள் நுழையக்கூடாது என்று முடிவு செய்தேன். முடிவை மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அது முடிவாக இருக்காது, விண்ணப்பமாகிவிடும்.

விஷயம் இதுதான். எங்கள் சபைப் பெண்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஜூடி வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்துவார்கள். அடுத்த மாதம் ஜூடி வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். இனி எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது என் மனைவி வின்சி எழுந்து, "எங்க வீட்ல வைக்கலாம், எங்க வீட்டு அவியளுக்கு ரொம்ப சந்தோசம்" என்று சொல்லிவிட்டாள். எனக்கு சந்தோஷம் என்பதை ஞாயிறு ஆராதனை அறிவிப்பில் கேட்டுத்தான் நானே தெரிந்துகொண்டேன்.

வாரத்தில் நான் மனிதனாக இருப்பது சனிக்கிழமை சாயங்காலம் மட்டும்தான். ராஜபாளையத்தில் மில் ஆபீஸ் வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் பிடித்து வந்து, லுங்கிக்கு மாறி, சோபாவில் நீட்டிப் படுத்து, டிவியில் 'நாலுகால் நண்பர்கள்' பார்ப்பேன். வாரம் ஒரு நாய் இனம். என்னிடம் நாய் கிடையாது. அதனால் நாய்களைப் பற்றி எனக்கு எந்தக் குழப்பமும் கிடையாது.

அந்த வாரம் ராஜபாளையம் நாய். பக்கத்து ஊர் நாயை, சென்னையிலிருந்து ஒருவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து எனக்கு விளக்கினார். நான் தினமும் போய்வருகிற ஊர். அந்த நாய்களை ரோட்டில் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். ஆனால் பின்னணி இசையோடு பார்த்ததில்லை.

"அந்நியர் கால் வாசலில் பட்டால் இது பொறுக்காது! எஜமானின் கண்டிப்பான, தாழ்ந்த குரலுக்கு மட்டுமே அடங்கும்!"

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஜெபக்கூட்டம் வேண்டாம் என்று நான் சொன்னால் அது பாவம். நாய் சொன்னால் சுபாவம்.

"ஏட்டி வின்சி, காவலுக்கு ஒரு நாய் வாங்கணும்."

"என்னத்தக் காக்க?"

"வீட்டத்தான்."

"வீட்ல நீங்க, நான், இந்த சோபா. இதுல எதைக் கள்ளன் தூக்கிட்டுப் போவான் அத்தான்? நீங்க படுத்திருந்தா சோபாவையும் தூக்க முடியாது."

"ராஜபாளையம் நாய்டி. அந்நியர அண்ட விடாதாம். டிவில சொன்னான்."

வின்சி ராஜபாளையத்தில் பிறந்தவள். "எங்க அப்பா வீட்லயும் ஒண்ணு கெடந்துச்சு. தபால்காரர் வந்தா அவர் சைக்கிளுக்கு அடியிலதான் படுத்துக்கிடும்."

"அது கலப்பா இருக்கும்."

"எங்க ஊர்ல இருந்தது கலப்பு. டிவில வந்தது சுத்தம்?"

"கோட்டுப் போட்டுச் சொல்லுதான்ட்டி."

என்னை ஒரு பார்வை, காலண்டரில் சனிக்கிழமையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "சரி, வாங்குவோம். நானும் வாரேன். நாயை நான்தான் பாத்து எடுப்பேன்" என்றாள்.

அவள் அவ்வளவு சுலபமாகச் சம்மதித்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெருமைதான் வந்தது.

நாய் வளர்த்து விற்கும் ஐயாதுரையின் தோப்புக்குப் போனோம். எனக்கு இருந்த அவசரத்துக்குக் குட்டி சரிப்படாது, வளர்ந்த நாய் வேண்டும் என்றேன். எல்லாம் எங்களைப் பார்த்துக் குரைத்துத் தீர்த்தன. ஒன்று மட்டும் மூலையில் தூங்கியது. பால்வெள்ளை உடம்பு, ரோஜா நிற மூக்கு. டிவியில் வந்த அதே சாயல்.

"இது போதும் அண்ணாச்சி" என்றாள் வின்சி.

"அதுக்கு வந்து தாயி..." என்று இழுத்தார் ஐயாதுரை.

"தெரியும் அண்ணாச்சி. அதான் கேக்கேன்."

சுல்தான் என்று பெயர் வைத்தேன். "பேரு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"எதை வச்சாலும் அதுக்கு ஒண்ணுதான் அத்தான்."

அன்றைக்கே பயிற்சி தொடங்கினேன். கண்டிப்பான, தாழ்ந்த குரலில், "சுல்தான், உட்கார்!" என்றேன். சுல்தான் மின்விசிறியைப் பார்த்தது.

"கொஞ்சம் சத்தமாத்தான் சொல்லிப் பாருங்களேன்" என்றாள் வின்சி, வெங்காயம் உரித்துக்கொண்டே.

சத்தமாகச் சொன்னேன். மறுநாள் அதைவிடச் சத்தமாக. மூன்றாம் நாள் மாடி வீட்டு சோலைச்சாமி அண்ணாச்சி இறங்கி வந்தார்.

"ஏலே கிளாட்வின், யாரை உக்காரச் சொல்லுத? நின்னு சவரம் பண்ணிக்கிட்டிருந்த நான் உக்காந்துட்டேன்."

"நாய்க்குப் பயிற்சி அண்ணாச்சி."

"அது என்ன பண்ணுது?"

"யோசிக்குது."

ராஜ கம்பீரம் உள்ள இனம், உடனே பணியாது என்று டிவிக்காரர் சொல்லியிருந்தார். அதுவும் சரியாக இருந்தது. ஒருநாள் வாசலில் லாரிக்காரன் ஏர்ஹார்ன் அடித்தான். தெருவே பதறியது. சுல்தான் புரண்டுகூடப் படுக்கவில்லை.

"எம்புட்டு நெஞ்சுரம் பாத்தியாட்டி?"

"ஆமா அத்தான். மலையே இடிஞ்சு விழுந்தாலும் அதுக்குத் தெரியாது."

முதல் ஜெபக்கூட்டச் சனிக்கிழமை வந்தது. "கூட்டத்த வேற வீட்டுக்கு மாத்திரு. யாரையும் கடிச்சு வச்சா நான் பொறுப்பில்ல" என்று மனிதாபிமானத்தோடு எச்சரித்தேன். "வரட்டும், பாப்போம்" என்றாள். சங்கிலியை அவிழ்த்து சுல்தானை வாசலில் விட்டேன். ரிமோட்டோடு சோபாவில் சாய்ந்தேன்.

கூட்டத் தலைவி வேதமணி அக்கா கஞ்சிராவும் கையுமாக முதலில் வந்தார். சுல்தான் எழுந்தது. என் நெஞ்சு துள்ளியது. சுல்தானும் துள்ளி, முன்னங்கால் இரண்டையும் வேதமணி அக்காவின் தோளில் போட்டு, அவர் முகத்தை நக்கியது.

"வந்துட்டேன்டா செல்லம்! முறுக்கு கொண்டாந்திருக்கேன்!"

பின்னாலேயே ஜூடி, அவளுக்குப் பின்னால் மொத்த சபையும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தின்பண்டம். ஒவ்வொருவருக்கும் ஒரு வாலாட்டல்.

வின்சியின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தேன். "என்னட்டி இது? அந்நியர விடாதுன்னு டிவில சொன்னானே!"

"அந்நியரத்தான விடாது? நீங்க மில்லுக்குப் போன பொறவு தெனமும் ரெண்டு ரெண்டு பேரா வந்து இவியதான் சோறு வச்சாவ. பகல் பூரா அது பாக்காத ஆளு நீங்க ஒருத்தருதான்."

இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. பாட்டு. நாயின் செவி மனிதச் செவியைவிடக் கூர்மையானது என்று டிவியில் சொல்லியிருந்தார்கள். கஞ்சிராவும் டோலக்கும் முப்பது பெண்களும் ஒரே நேரத்தில் கிளம்பினால் எந்த நாயும் ஊளையிட்டுக் கூட்டத்தைக் கலைத்துவிடும். பாட்டு கிளம்பியது. எனக்கே ஊளையிடலாம் போலிருந்தது. சுல்தான் நேராகப் போய் டோலக்கை ஒட்டிப் படுத்துத் தூங்கிவிட்டது.

"அதுக்குக் காது கேக்காது அத்தான்" என்றாள் வின்சி.

"என்னது?"

"வெள்ளையில சிலது அப்படித்தான் பொறக்கும். எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும். கேக்குற நாயா எடுத்திருந்தா நீங்க போட்ட திட்டம்லா பலிச்சிருக்கும்?"

"அப்ப நான் இத்தன நாளாக் கத்துனது?"

"எனக்குக் கேட்டுச்சு. மாடி வீட்டு அண்ணாச்சிக்குக் கேட்டுச்சு."

"டிவில இதைச் சொல்லலையே!"

"நீங்க என்ட்டயும் கேக்கலையே."

பாட்டு முடிந்ததும் சுல்தான் கண்விழித்தது. வின்சி உள்ளங்கையை உயர்த்தினாள், நின்றது. தாழ்த்தினாள், உட்கார்ந்தது. பெண்கள் உருகிப்போனார்கள்.

"எம்புட்டு பக்தி!" என்றார் வேதமணி அக்கா. "பாட்டுன்னா எங்க வீட்டு நாய் மம்சாபுரத்துக்கே ஓடிரும். இனி எப்பவும் கூட்டம் இங்கனயேதான்."

"ஜூடி வீடு கட்டி முடிஞ்ச பொறவு?" என்றேன் நைந்த குரலில்.

"ஜூடி வீட்ல நாய் கெடையாதே தம்பி!"

எல்லோரும் கண்மூடி ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஜெபம் முடிந்தால் அத்தனை பேருக்கும் டீ வேண்டும். வின்சி திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுக்களைப் பக்கம் விரலை நீட்டினாள்.

சுல்தான் அந்த விரலைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. மறுபடி படுத்துக்கொண்டது. அந்த உத்தரவு தனக்கில்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது.