ராயப்பன் பெயர் படிக்கப்பட்ட ஞாயிறு

ராயப்பன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். முதல் நாள் வலையில் விழும் மீன் முழுவதும் கர்த்தருக்கு. ஒரு இறாலின் மீசைகூட வீட்டுக்கு வராது.

ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று பழவேற்காட்டில் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். இந்த வருஷம் முகத்துவாரத்தை ஒட்டிய கொழுத்த இடம் ராயப்பனுக்கு விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஒல்லாந்துக்காரன் கோட்டைக்குள் இருந்த கோயிலில் எல்லோர் முன்னாலும் நேர்ந்துகொண்டான். அங்கே ஞாயிறுதோறும் தர்மம் செய்தவர்கள் பெயரைக் கோயில்பிள்ளை உரக்கப் படிப்பார். பெயர் வந்தவர் எழுந்து நிற்க வேண்டும். ராயப்பன் வீட்டில் எழுந்து எழுந்து பழகினான். தலை சற்றே குனிந்து, அடக்கமாக, ஆனால் கடைசி வரிசைக்கும் தெரிகிற மாதிரி.

யாருக்குக் கொடுப்பது என்பதுதான் பாக்கி. கோட்டைக் கோயிலில் ஏழைகளுக்கென்று ஓர் அரிசிப் பானை இருந்தது. மாதா கோயிலில் திருவிழா வந்தது. தரங்கம்பாடியிலிருந்து வந்திருந்த உபதேசியாருக்குப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை வேண்டும். மூன்று இடத்து ஆட்களும் வீடு தேடி வந்து அவனை ஐயா என்றார்கள். பிறந்ததிலிருந்து அவனை யாரும் ஐயா என்றதில்லை. முடிவைச் சொன்னால் மூன்று ஐயாவில் இரண்டு போய்விடுமே என்று நாளைக் கடத்தினான்.

அவன் மனைவி அருளாயிக்கு நாலாவதாக ஒரு பெயர் தோன்றியது. பக்கத்து வீட்டு வேலம்மா. போன புயலில் புருஷன் முகத்துவாரத்தில் போய்விட்டான். ஆம்பிளை இல்லாத வீட்டுக்குப் பாடு கிடையாது. இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு சேற்றில் கையால் நண்டு தடவிக் காலம் தள்ளினாள்.

"பக்கத்து வூட்டுல மூணு நாளா அடுப்பு எரியல. நீ தர்மம் பண்ண ஊரு பூரா எடம் தேடுறே."

"அவ நம்ம சபை இல்லியே. அவளுக்குக் குடுத்தா எம்பேர யாரு படிப்பாங்க?"

"பேரு படிக்கத்தான் குடுக்குறியா?"

"சாட்சிக்குத்தாண்டி. நாலு பேரு பாத்துத் திருந்தணும்."

அருளாயி அதற்குமேல் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால்தான் பயப்பட வேண்டும் என்பதைப் பதினோரு வருஷமாகியும் ராயப்பன் கற்றுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை விடியலில் படகு நிறைய இறாலோடு வந்தான். முடிவு மட்டும் வரவில்லை. அவர்களுடைய மீனவர் குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. படகில் இருக்கும்வரை மீன் ஆணுடையது. கரையில் கூடையில் விழுந்துவிட்டால் பெண்ணுடையது. கூடையைத் தொடும் ஆம்பிளையை அடுத்த சீட்டுவரைக்கும் சிரித்தே கொன்றுவிடுவார்கள்.

அருளாயி கூடையோடு வந்து நின்றாள். யாருக்கு என்று கேட்டாள். யோசிப்பதாகச் சொன்னான்.

"நீ யோசிப்பே. இறாலு யோசிக்குமா? உச்சி வெயிலுக்கு நாறிடும். கூடைய நான் பாத்துக்குறேன். நீ நாளைக்கு ஏழை மாதிரி வேசம் கட்டிக்கினு மூணு எடத்துக்கும் போய்ப் பாரு. எவன் நல்லா நடத்துறானோ அவனுக்குக் குடு."

ராயப்பன் பூரித்துப் போனான். சாயங்காலத்துக்குள் அது தன் யோசனைதான் என்றே நம்பிவிட்டான்.

சனிக்கிழமை கந்தலைக் கட்டி, முகத்தில் கரி பூசி, ஒரு கண்ணைத் துணியால் மூடிக்கொண்டு கிளம்பினான். மாதா கோயில் வாசலில் தோரணம் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "ராயப்பா, கண்ணுல இன்னா?" என்று கேட்டார். அங்கிருந்து ஓட்டம். உபதேசியார் புதுசு, அவருக்கு ஆள் தெரியவில்லை. தன் சட்டியில் இருந்த கூழில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். ராயப்பன் அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தான். இவரைப் போய் இத்தனை நாள் அலைய விட்டோமே என்று உண்மையிலேயே வெட்கப்பட்டான்.

கடைசியாகக் கோட்டைக் கோயில். கோயில்பிள்ளைக்குப் பார்வை மங்கல். பானையை வழித்து ஒரு படி அரிசி அளந்தார்.

"யோகக்காரன்பா நீ. காத்தால வரைக்கும் பானை காலி. நம்ம சபைகூட இல்ல, ஒரு பொம்பள கொணாந்து கொட்டிட்டுப் போச்சு. ஏட்டுல எழுதணும், பேரு இன்னா?"

பொய்ப் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. கர்த்தருடைய வீட்டில் நின்று பொய் சொல்லப் பயந்து, உள்ளதையே முனகிவிட்டான்.

அரிசியைக் கொண்டுவந்து நீட்டினான். அருளாயி ஒன்றும் கேட்காமல் உலையில் போட்டாள். மீன் என்னாயிற்று என்று அவன்தான் கேட்டான். நீ ஆளைச் சொல்லவில்லை, அதனால் வேலம்மாவை விற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டேன், கர்த்தருக்கு நேர்ந்த மீன் என்று சொல்லித்தான் கொடுத்தேன் என்றாள். ராயப்பன் கத்துவதற்கு வாயைத் திறந்தான். பக்கத்து வீட்டுக் கூரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. உள்ளே அந்தப் பெண் குழந்தைகள் எதற்கோ சிரித்தார்கள். அவனுக்கு மனசு இளகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து சோற்றைத் தின்றான். நல்ல சோறு.

ஆனாலும் ஒரு குறை நெஞ்சில் நின்றது.

"நேந்தது குடுத்தாச்சுன்னு கோயில்பிள்ளைகிட்ட சொன்னியா?"

"சொல்லாம இருப்பேனா? நாளைக்கு உம்பேரு நிச்சயம் வரும்யா."

ஞாயிற்றுக்கிழமை சலவை வேட்டி கட்டிக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தான். கோயில்பிள்ளை ஏட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு படித்தார்.

"இந்த வாரம் தர்மம் செஞ்சவங்க: குப்பத்து வேலம்மா, மீன் வித்த முதல் பலன், ஒரு படி அரிசி. அதை வாங்கிக்கினவர்: ஒத்தக் கண்ணு ராயப்பன்."

பெண்கள் பக்கத்திலிருந்து அருளாயி எட்டிப் பார்த்தாள்.

"எழுந்து நில்லுய்யா. இதுக்குத்தானே பழகினே."