இசை விழாவும் இலவசப் பனியனும்

நல்ல சங்கீதத்துக்குக் கூட்டம் தானாக வரும் என்று சொல்பவர்கள் மே மாதத் திருப்பூரில் ஒரு கச்சேரிகூட நடத்திப் பார்த்திருக்க மாட்டார்கள். நான் நடத்தியிருக்கிறேன். வீரபாண்டியில் எங்கள் பகுதியின் கோடை இசை விழாவுக்கு நான்தான் செயலாளர். பனியன் கம்பெனியில் தையல் குறை பார்க்கும் செக்கிங் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணிப் பார்க்காமல் எதையும் நம்ப மாட்டேன்.

முதல் வருடம் மண்டபம் நிரம்பி வழிந்தது. ஊரில் இசை ஞானம் பெருகிவிட்டதென்று பூரித்துப்போனேன். (மண்டபத்தில் ஏ.சி. இருந்தது, பாதி வீடுகளில் இல்லை. இந்தக் கணக்கு மட்டும் எனக்குத் தோன்றவில்லை.) வீடுகளுக்கு ஏ.சி. வர வர விழா தேய்ந்தது. நான்காம் வருடத் தொடக்க நாளில் மேடையில் நின்று எண்ணினேன்: பத்தொன்பது தலைகள். நான்கு பேர் மைக் செட்காரர்கள். ஒருவர் தூங்கினார், அவரை அரையாகக் கணக்கிட்டேன்.

விழாச் செலவை ஏற்றிருந்த கம்பெனி முதலாளி குமாரசாமி என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, கடைசி நாள் மண்டபம் நெறஞ்சா அடுத்த வருசமும் நடத்தலாமுங்க. இல்லீன்னா இத்தோட விட்றலாமுங்க."

"நெறையுமுங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

அவருடைய குடோனில் ஏற்றுமதிக்குப் போகாமல் தங்கிய பனியன்கள் மலையாகக் கிடந்தன. கச்சேரிக்கு வந்தால் ஆளுக்கொரு பனியன் இலவசம் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்தேன். வாங்கிய கையோடு ஓடிவிடக் கூடாதே! அதற்கும் வழி வைத்திருந்தேன். வாசலில் கைக்கு வந்த சைஸைக் கொடுப்போம். மாற்றித் தருவது கச்சேரி முடிந்த பிறகுதான்.

எழுநூறு நாற்காலியில் ஒன்றுகூடக் காலியில்லை. வெளியூரில் இருந்து வந்திருந்த பாடகரின் கண்கள் தளும்பின. அந்தக் கண்களை மூடி அவர் ஆலாபனையைத் தொடங்கினார். பனியன் சுற்றிய எழுநூறு பாலிதீன் கவர்களும் ஒன்றாகப் பிரிந்தன. (மழையென்று நினைத்துச் சிலர் வெளியே போய்ப் பார்த்தார்கள்.)

வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் டைலர்கள், செக்கிங் ஆட்கள். இலவசம் என்பதற்காகத் தையல் பார்க்காமல் இருப்பார்களா?

"ஏனுங்க்கா, கழுத்துப்பட்டி கோணலா இருக்குது பாருங்க."

"எங்கிட்ட எம் இருக்கு, எல்லு வச்சிருக்கவுக மாத்திக்கிடுதியளா?" என்றது ஒரு திருநெல்வேலிக் குரல்.

"பாய், டபுள் எக்ஸெல் ஹை?" என்றது பின்வரிசையில் ஓர் இந்திக் குரல்.

"பாட்டு நடக்குதல்லொ, மெதுவாப் பேசுங்க" என்று அதட்டிய பெரியவர், அடுத்த மூச்சில், "உங்களுது என்ன சைஸுங்க?" என்றார்.

பாடகர் கண் திறந்தபோது மொத்த மண்டபமும் பனியனைத் தலைக்கு மேல் விரித்துப் பிடித்து, விளக்கு வெளிச்சத்தில் ஓட்டை தேடிக்கொண்டிருந்தது. அதை அவர் எங்கள் ஊர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார். உற்சாகத்தில் இன்னும் அரைமணி நேரம் விரித்துப் பாடினார். பொறுமை இழந்த ஓர் அம்மாள் பனியனோடு மேடையேறினார். பொன்னாடைதான் வருகிறது என்று பாடகர் கைகூப்பிக் கழுத்தை நீட்டினார்.

"சாமி, இது எக்ஸெல்லுங்க. எம் மாத்திக் குடுங்க" என்றார் அம்மாள், அவருடைய மைக்கிலேயே.

அவ்வளவுதான். மண்டபமே மேடைக்கு வந்தது. மிருதங்கம் பனியன்களுக்கு அடியில் மறைந்தது. நான் கூட்டத்தைத் தடுத்திருக்க வேண்டும். பழக்கதோஷம், சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் தையல் பார்த்து, சைஸ் வாரியாக அடுக்கத் தொடங்கினேன். பாடகர் எப்போது இறங்கிப் போனார் என்றே தெரியாது.

தலை நிமிர்ந்தால் எதிரே குமாரசாமி. விழா செத்தது என்று நினைத்தேன்.

"மண்டபம் நெறஞ்சிருச்சுங்கண்ணா. சொன்ன சொல்லு மாற மாட்டனுங்க. அடுத்த வருசமும் நடத்தறோம்." எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் குவியலைப் பார்த்தார். "ஆனா, பாட்டு எதுக்குங்க?"

இன்றும் மே மாதந்தோறும் அதே மண்டபத்தில், 'கோடை இசை விழா' என்ற பேனருக்குக் கீழே, பனியன் விற்பனை நடக்கிறது. செயலாளர் நான்தான். கூட்டம் எண்ணி மாளவில்லை.

வீட்டில்தான் மானம் போயிற்று. இசை விழாவில் வாங்கியதைப் பனியன் என்று எப்படிச் சொல்வது என்பது என் மனைவியின் கேள்வி. போன வாரம் மகளைக் கட்டிக்கொடுத்த இடத்துச் சம்பந்தி வந்து, முகம் கழுவி உட்கார்ந்திருக்கையில், மருமகள் மொட்டை மாடியில் இருந்து குரல் கொடுத்தாள்:

"மாமா, உங்க கீர்த்தனை மூணும் காஞ்சிருச்சுங்க. ஒண்ணுல மட்டும் அக்குள்ல கிழிஞ்சிருக்குதுங்க!"