பத்துப் பாயிண்ட் இனாம்

அருப்புக்கோட்டை,
திங்கட்கிழமை.

மைத்துனர் திரு. ராஜபாண்டி அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்கா தங்கமாரியும் மகள் செல்வலட்சுமியும் சுகம். எம்.ரெட்டியபட்டியில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள் என்று உங்கள் அக்கா நம்புகிறாள். நான் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

ஒன்பது வருடம் கழித்து எழுதுகிறேன். காரணம் உங்களுக்குத் தெரியும். உங்கள் புதுவீட்டு அழைப்பிதழில் என் பெயருக்குப் பின்னால் பி.காம். என்று அச்சடித்தீர்கள். நான் கணிதத்தில் எம்.எஸ்ஸி., அதுவும் முதல் வகுப்பு. அச்சகத்தில் நடந்த தவறு என்றீர்கள். அதே அச்சகம் உங்கள் மாமனாரின் 'ஓய்வு பெற்ற பஞ்சாயத்து எழுத்தர்' பதவியை ஒரு புள்ளி குறையாமல் போட்டிருந்ததே! அன்றைய விருந்தில் என் இலைக்கு மட்டும் இரண்டாம் முறை கறி வரவில்லை என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை.

செல்வலட்சுமிக்கு ஆவணியில் கல்யாணம். தாய்மாமனுக்குப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பலாம் என்றேன். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நான் நேரில் போய் அழைக்க வேண்டும் என்றாள் உங்கள் அக்கா. "தபால்ல கூப்புட்டா எந்தம்பி வரமாட்டான். அவன் மாலை போடாம எம்பொண்ணு மணையில ஒக்கார மாட்டா" என்று அழுதாள். நான் அசையவில்லை. அழுகை பலிக்காததால் கபடிக்கு மாறினாள். திருச்சுழியில் நடந்த லீக் போட்டியைச் செல்போனில் விடாமல் பார்க்கிறவள் அவள். "ஏங்க, உங்க ஊரு குமாரலிங்கபுரம் டீமு மேல பந்தயம் கட்டுவமா? நீங்க செயிச்சா தபாலு. நான் செயிச்சா தட்டத் தூக்கிட்டு நீங்க ரெட்டியபட்டி போகணும்." என் ஊர் அணி சொத்தை, தோற்கும் என்றேன். "அதுக்குத்தான் நாலு பாயிண்ட் தாரேன். அவுக எடுத்ததோட நாலக் கூட்டிக்கங்க." நான் யோசித்தேன். உடனே, "சரி, சனிக்கிழமை மேட்ச்சையும் ஞாயித்துக்கிழமை மேட்ச்சையும் சேத்துக் கட்டுங்க, ஒவ்வொண்ணுக்கும் பத்து தாரேன். ஆனா ரெண்டுலயும் செயிக்கணும். ஒண்ணுல விட்டாலும் போச்சு" என்றாள். நாலு எங்கே, பத்து எங்கே! சரி என்றுவிட்டேன். இனாமாக வந்த ஆறு பாயிண்டைப் பார்த்தவன், அதோடு ஒட்டிக்கொண்டு வந்த 'ரெண்டுலயும்' என்பதைப் பார்க்கவில்லை. ஒன்று நடப்பதைவிட இரண்டும் சேர்ந்து நடப்பது அரிது என்று இருபது வருடமாகக் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறவன் நான்.

சனிக்கிழமை எங்கள் அணி 28, எதிரணி 36. பத்தைக் கூட்டினால் 38, நான் வெற்றி. தோற்ற அணிக்காகத் தெருவுக்கே கேசரி கொடுத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஞாயிற்றுக்கிழமை 24க்கு 34. பத்தைக் கூட்டினால் சமம்!

"சமம்னா தோல்வி இல்ல, தங்கம்" என்றேன்.

"செயிப்பும் இல்லல்ல? ரெண்டுலயும் செயிக்கணும்னுதான பேச்சு? எம்மெஸ்ஸி படிச்சவுகளுக்கு இது வெளங்கலயா?"

"மாமா பி.காம்.னு போட்டது சரிதான் போலம்மா" என்றாள் செல்வலட்சுமி.

ஆகவே வியாழக்கிழமை தட்டோடு வருகிறேன். பந்தயத்தில் தோற்றதால் மட்டுமே வருகிறேன். எனக்கு டைபாய்டு வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் நீங்கள் சுருண்டு கிடந்தீர்களே, அது இந்த வருகைக்குக் காரணம் அல்ல. காபி கொடுத்தால் குடிப்பேன், சர்க்கரை அரைக் கரண்டி. பழைய பேச்சை நானாக எடுக்கமாட்டேன்.

வீட்டுச் சின்னவர்களுக்கு என் ஆசி. அதில் மிச்சமிருந்தால் நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பால்பாண்டி, எம்.எஸ்ஸி., பி.எட்.

பி.கு.: எங்கள் பள்ளி எழுத்தர் மாரிச்செல்வம் இந்த மாதிரிப் பந்தயத்தில் மோட்டார் சைக்கிளையே பறிகொடுத்தவர். இன்று அவரிடம் விதியைக் கேட்டேன். "சார், சமமாப் போன மேட்ச்சக் கழிச்சிருவாக. மிச்சம் உள்ளதுதான் கணக்கு. நீங்க செயிச்சிட்டீக சார்!" என்றார். ஆக, நான் வரவேண்டிய அவசியமே இல்லை. இது உங்கள் அக்காவுக்குத் தெரியாது. நீங்களும் சொல்லிவிடாதீர்கள், மாப்பிள்ளை. வியாழக்கிழமை பத்து மணி பஸ்ஸில் வருகிறேன்.