புஸ்பராணிக்கு வந்த பிசினியம்

ஓர்ஸ் ஹில், திருகோணமலை.

கப்பல்துறையில் வாழும் அன்புக்குரிய மச்சான் ஞானசேகரம் அவர்களுக்கு,

தங்கள் வயலும் மாடுகளும் முழங்காலும் நலமென நம்புகிறேன். இங்கே நான் நலமில்லை. காரணம் உங்கள் தங்கை.

போன கிழமை புஸ்பராணி குசினியில் நின்று தொலைபேசியில், "துஷாந்தி, எனக்குப் பிசினியம், தனிய ஏலாது. என்னை விட்டிட்டுப் போகாதேயும்" என்று கலங்கியது காதில் விழுந்தது. ஒரு தலையிடியைக்கூட வாய்விட்டுச் சொல்லாத மனுசி! பதறிப்போய் இன்ஷாப்பின் மருந்துக்கடைக்கு ஓடினேன். அவர் கணினியில் தேடிவிட்டு, "அப்படி ஒரு வருத்தம் இல்லை சேர். பிசின் எண்டா பக்கத்துக் கடையில இருக்கு" என்றார். இருந்த பதற்றத்தில் அதையும் வாங்கிக்கொண்டு வந்து, "நாளைக்கே கண்டிக்குப் போய் பெரிய டொக்டரிட்டக் காட்டுவம்" என்று நான் கண்கலங்க, அவள் கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ, அது வருத்தமில்லையப்பா, பாட்டு!"

அவள் போகிற மேற்கத்திய சங்கீத வகுப்பில், இரண்டு குரலுக்கென்றே எழுதிய சின்னப் பாட்டுக்கு அந்தப் பெயராம். லத்தீன் சொல். ஐந்நூறு வருடத்துக்கு முன் ஐரோப்பாவில் வாத்திமார் பிள்ளைகளைப் பாடப் பழக்க இப்படி எழுதினார்களாம். ஒருவர் ஒரு வழியில் போக, மற்றவர் தன் வழியை விடாமல் போகவேண்டும். "அதைத்தானே நாங்கள் கலியாணம் முடிச்ச நாள் தொட்டுச் செய்யிறம்" என்று வாயைக் கொடுத்தேன். கூடப் பாடும் துஷாந்திக்குக் கொழும்புக்கு இடமாற்றமாம், சனிக்கிழமை கச்சேரியாம். "அப்ப நீங்களே வந்து பாடுங்கோ" என்றுவிட்டாள்.

மச்சான், நாலு அடி பாடுமுன் என் குரல் அவள் குரலுக்குப் பின்னால் இழுபட்டுப் போய்விடுகிறது. "எனக்குப் பின்னால வராதேங்கோ! உங்கட பாட்டைப் பாடுங்கோ!" என்று அவள் கத்த, பதிலுக்கு நான் கத்த, பக்கத்து வீட்டுப் பக்கீர் நானா சண்டையென்று நினைத்து மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, என்னைப் பார்த்து, "பாக்கியம், கொஞ்ச நேரம் எங்கட வீட்ட வந்து இருமன்" என்றார்.

ஆகையால் சனிக்கு முன் வந்து, தங்கைக்குப் புத்தி சொல்லி என்னை மீட்கவும். மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் அம்பாள் துணை நிற்பாள்.

இப்படிக்கு, குரல் கட்டிப்போன
பாக்கியரத்தினம்

பி.கு.: தபாலுக்குப் புறப்படும்போது துஷாந்தி வந்தார். இடமாற்றம் நின்றுவிட்டதாம், தானே பாடுகிறாராம். தப்பினேன் என்று இருந்தேன். புஸ்பராணி கொஞ்சம் யோசித்துவிட்டு, "இல்லை துஷாந்தி, நான் இவரோடயே பாடுறன். இவர் பக்கத்தில நிண்டு பிழைவிடேக்க எனக்குப் பயமே வருகுதில்லை" என்றாள். எனவே புத்தி சொல்ல வரவேண்டாம். சனிக்கிழமை பாட்டுக் கேட்க வாருங்கள். முன்வரிசையில் இருந்து, நான் பிழைவிடும் இடங்களில் மட்டும் பலமாய் இருமுங்கள்.