வரலாம், வரலாம், இன்னும் வரலாம்

இந்த நகரத்தில் ஓர் இனம் இருக்கிறது. எந்தக் கணக்கெடுப்பிலும் அது சிக்கியதில்லை. சிக்காததற்குக் காரணம், சாதாரண வேளைகளில் அந்த இனத்துக்கும் உங்களுக்கும் எனக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது. காலையில் நடக்கும், பால் வாங்கும், அந்தக் காலத்தில் பெங்களூரில் ஃபேன் போட்டவனே கிடையாது என்று சொல்லும். ஆனால் எங்கேயாவது ஒரு வண்டி பின்பக்கமாக நகர ஆரம்பித்து, அந்தப் 'பீப் பீப்' சத்தம் கேட்டுவிடட்டும். எப்படி வந்தார், எந்தச் சந்திலிருந்து வந்தார் என்று தெரியாது, வண்டிக்குப் பின்னால் ஒருவர் நின்றுகொண்டு இரண்டு கையாலும் காற்றைத் தன் பக்கம் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருப்பார்.

"வரலாம், வரலாம், வரலாம்..."

இவர்தான் வரலாம்காரர். இவரை யார் நியமித்தது? யாருமில்லை. இவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? அது முக்கியமில்லை. டிரைவருக்குத் தமிழ் தெரியாதோ என்று சந்தேகம் வந்தால் "பர்லி, பர்லி" என்று கன்னடத்துக்கு மாறுவார். அதுவும் எடுபடவில்லையென்றால் "ஆனே தோ" என்று உருதுவில் இறங்குவார். மூன்று மொழியிலும் அவரிடம் இருப்பது அந்த ஒரே சொல்தான். 'நில்' என்பதற்கு அவரிடம் எந்த மொழியிலும் சொல் கிடையாது. அந்த வேலையைச் சுவர் பார்த்துக்கொள்ளும். சுவர் தன் வேலையைச் செய்து முடித்து, டிரைவர் தலையில் கையை வைத்துக்கொண்டு இறங்கி வருவதற்குள், நம்மவர் பெட்டிக்கடை நிழலில் நின்று, "நான் அப்பவே சொன்னேன், அவன் கேக்கல" என்று யாரிடமோ வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார்.

ஆனேக்கல் பக்கம் ஒரு லேஅவுட்டில் இருக்கும் தேசிகன் சார் இந்த இனத்தில் ஒரு மேதை. அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருஷம் ஆகிறது. கார் ஓட்டிப் பழக்கமில்லை, ஸ்கூட்டரையும் விற்றாகிவிட்டது. ஆனால் அந்தத் தெருவில் பின்னால் நகர்ந்த ஒரு தண்ணீர் லாரிகூட அவருடைய ஆசி இல்லாமல் நகர்ந்ததில்லை. ஆகவே அவர் வீட்டுக்குப் பக்கத்து மனையில் அடுக்குமாடி எழும்ப ஆரம்பித்தபோது அவருக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. மண் வந்தது, ஜல்லி வந்தது, கம்பி வந்தது. எல்லாம் பின்பக்கமாகவே வந்தன!

அப்படித்தான் போன ஆகஸ்டில் ஒரு காலை, எம் சாண்ட் என்கிற ஆலை மணலோடு ஒரு டிப்பர் டிரெய்லர் வந்தது. முன்னால் எஞ்சின் வண்டி, பின்னால் ஒரு சின்ன வீடு நீளத்துக்குத் தொட்டி. ஓட்டி வந்தவள் லாவண்யா. ஈஜிபுராக்காரி. நாலு வருஷம் குப்பை ஆட்டோ ஓட்டிவிட்டு, ஹெவி லைசென்ஸ் எடுத்து, இந்தப் பெரிய வண்டியில் ஏறி அது இரண்டாவது வாரம். புது டிரைவர்களுக்கே உரிய பயம் அவளிடம் நிறைய இருந்தது. அந்தப் பயத்தை ஒளித்து வைக்காமல் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிற சாமர்த்தியமும் இருந்தது. அன்று காலை கல் அரைக்கும் கிரஷரில் லோடு போடும்போதே, இயந்திரக்காரன் கிரண் தொட்டியின் ஒரு பக்கமாகவே மணலைக் கொட்டியதைப் பார்த்து நிறுத்தச் சொன்னாள். "ஒண்ணும் ஆகாது அக்கா, போற வழில அதுவே சமமாயிடும்" என்றான் அவன். "போற வழில வண்டி சாஞ்சா நீ வந்து நிமித்துவியாண்ணா? நடுவுல போடு" என்று சொல்லி, சமமாக்கிய பிறகுதான் கிளம்பியிருந்தாள்.

'பீப்' சத்தம் கேட்டதும் தேசிகன் சார் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டு வெளியே பாய்ந்தார். அவரைப் பார்த்து வாட்ச்மேன் வந்தார், வாட்ச்மேனைப் பார்த்து இளநீர்க்காரர் வந்தார். ஆளுக்கு ஒரு மூலை. "வரலாம் வரலாம், லெஃப்ட்ல ஒடி!" என்றார் ஒருவர். "பர்லி, பர்லி, ரைட்டு!" என்றார் மற்றவர். ஓட்டுவது ஒரு பெண் என்று தெரிந்ததும் தேசிகன் சாருடைய கையசைப்பில் தனிக் கருணை ஒன்று சேர்ந்துகொண்டது. "பயப்படாதம்மா, நான் இருக்கேன்!"

லாவண்யா எஞ்சினை நிறுத்தினாள். இறங்கினாள். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். அண்ணாந்து கரண்ட் கம்பியைப் பார்த்தாள். பிறகு குனிந்து தரையைப் பார்த்தாள். முந்தின நாள் மழை பெய்திருந்தது.

"ஒரு கடப்பாரை குடுங்க."

வாட்ச்மேன் கொண்டுவந்த கடப்பாரையை மதிலோரமாக ஊன்றி அழுத்தினாள். வெண்ணெயில் கத்தி போல அது முழங்கால் ஆழம் இறங்கியது. போன வாரம் குழாய் பதித்து மூடிய பள்ளம் அது.

"அதெல்லாம் கெட்டியாத்தான் இருக்கும்மா" என்றார் தேசிகன் சார். "நான் தினமும் இதுமேலதான் நடக்கிறேன்."

"நீங்க எவ்ளோ வெயிட்டு சார்?"

"எழுபத்திரெண்டு கிலோ."

"இது நாப்பது டன்னு சார். தொட்டியத் தூக்கறப்போ ஒரு பக்கத்து வீல் எறங்குச்சுன்னா வண்டி அந்தப் பக்கமே சாயும். கரெக்டா நீங்க நிக்கிற எடத்துல."

தேசிகன் சார் தாம் நின்ற இடத்தைப் பார்த்தார். அண்ணாந்து தொட்டியைப் பார்த்தார். மூன்றடி தள்ளி நின்றார். பிறகு யோசித்து இன்னும் பத்தடி தள்ளி நின்றார்.

சைட் சூப்பர்வைசர் ரகு போனில் யாரையோ திட்டிக்கொண்டே வந்தான். மனையின் மறு ஓரத்தில், ஜல்லி போட்டு இறுக்கிய தரையில் கொட்ட இடம் காட்டினான். "சிக்னல் குடுக்க ஒரு ஆளு வேணும்ணா. ஒரே ஆளு" என்றாள் லாவண்யா. ரகு போனை மூடாமலே தேசிகன் சாரைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அவள் சற்று யோசித்தாள். பிறகு சீட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் ஆரஞ்சுச் சட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"சார், 'வா'ன்னு யாரும் சொல்ல வேணாம். வரது என் வேலை. 'நில்லு'ன்னு சொல்றது மட்டும் உங்க வேலை. என் கண்ணாடில தெரியற மாதிரியே நில்லுங்க. நீங்க தெரியலன்னா நான் நிறுத்திடுவேன். யாராச்சும் பின்னாடி வந்தா கையத் தூக்குங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா ரெண்டு பேர்தான் பதில் சொல்லணும். நீங்களும் நானும்."

வாசகரே, பொறுப்பு என்பது எப்பேர்ப்பட்ட மருந்து! அறுபத்தொன்பது வயதில் தேசிகன் சார் முதல் முறையாக ஒரு வண்டியின் பின்பக்கத்தை உண்மையாகவே பார்த்தார். அது எவ்வளவு பெரிதாக இருந்தது! எத்தனை சக்கரங்கள்! வண்டி நகர்ந்தது, அவர் கையைத் தூக்கினார்: ஒரு நாய். நகர்ந்தது, தூக்கினார்: ஒரு சிமென்ட் பை. நகர்ந்தது, தூக்கினார்: ஒன்றுமில்லை, சும்மா சந்தேகம். அறுபதடி தூரத்துக்கு ஒன்பது முறை நிறுத்தினார். லாவண்யா ஒன்பது முறையும் முகம் சுளிக்காமல் நின்றாள்.

"என்ன சார், பஸ்ஸே போகும் இந்த எடத்துல! வரலாம்மா, வரலாம்!" என்று இளநீர்க்காரர் பொறுமை இழந்து கத்தினார்.

அந்த நேரம் பார்த்து பாமா மாமி வெளியே வந்தார். தேசிகன் சாரின் மனைவி. குழாயை யார் திறந்து போட்டது என்று விசாரிக்க வந்தவர், போனைக் காதில் வைத்துக்கொண்டு, நேராக டிரெய்லருக்குப் பின்னால் நடந்தார். கண்ணாடியில் தெரியாத மூலை அது. இளநீர்க்காரருடைய 'வரலாம்' இன்னும் காற்றில் இருந்தது.

"நில்லு!"

தொண்டை கிழிய ஒரு சத்தம். கை மட்டுமல்ல, தேசிகன் சார் முழு உடம்பையும் தூக்கிவிட்டார். வண்டி குலுங்கி நின்றது. மாமிக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு கையகலம் இருந்தது.

மாமிதான் முதலில் பேசினார். "முப்பத்தெட்டு வருஷத்துல இன்னிக்குத்தான் சொல்ல வேண்டியத சொல்ல வேண்டிய நேரத்துல சொல்லியிருக்கேள்." சொல்லிவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இளநீர்க்காரர் ஓர் இளநீரைச் சீவி அவர் கையில் கொடுத்தார்.

அதன் பிறகு அந்த ஆரஞ்சுச் சட்டைக்குள் இருந்தது வேறு மனிதர். லாவண்யா வண்டியையும் தொட்டியையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்தி, பின்கதவின் பூட்டை எடுத்துவிட்டுத் தொட்டியைத் தூக்கினாள். பாதி மணல் சரிந்தது. மீதி, ஈரத்தில் ஒரு மூலையில் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது. தூக்கிய தொட்டி லேசாக ஆடியது. உடனே நாலு வரலாம்காரர்கள் புதிதாக முளைத்தார்கள். "முன்னாடி இழுத்து சடன் பிரேக் போடும்மா! தானா விழும்!"

"எதுவும் போட வேண்டாம்! எல்லாரும் பின்னாடி போங்கோ!" என்று தேசிகன் சார் இரண்டு கையையும் விரித்துத் தெருவையே தள்ளினார். லாவண்யா தொட்டியை முழுக்க இறக்கினாள். எஞ்சினை அணைத்து, சைட் ஆட்கள் இரண்டு பேரை மேலே ஏற்றி, மண்வெட்டியால் மூலையைக் கிளறச் செய்தாள். அவர்கள் இறங்கித் தூரப் போன பிறகு மறுபடி மெல்லத் தூக்கினாள். மணல் 'சர்ர்' என்று மொத்தமாக வழிந்தது. தொட்டி முழுவதும் கீழே வந்து உட்கார்ந்த பிறகுதான் வண்டியை ஓரடி நகர்த்தினாள்.

"நல்லா பாத்தீங்க சார்" என்றாள், சட்டையைத் திரும்ப வாங்கும்போது.

இனம் மாறிவிட்டார் என்று நினைக்கிறீர்களா? அன்று சாயங்காலம் மகன் ஷ்ரேயாஸ் போன் செய்தான். நல்ல கம்பெனி வேலையை விட்டுவிட்டு நண்பர்களோடு சேர்ந்து ஏதோ புதிதாக ஆரம்பிக்கலாமா என்று யோசனையாம். தேசிகன் சார் சோபாவில் சாய்ந்து, கண்ணை மூடியபடி சொன்னார்: "தாராளமா பண்ணுப்பா. ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் போன வாரம் உங்கள் மைத்துனர், கையிலிருப்பதையெல்லாம் போட்டு ஓசூர் பக்கம் ஒரு மனை வாங்கலாமா என்று கேட்டபோது, பத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காமல், வாயில் வடையோடு, "கண்ண மூடிட்டு வாங்குங்க" என்று சொன்னது யார்? பதிவு இன்றைக்குத்தான் என்று கேள்வி. இப்போதே போன் செய்தால் ஆள் இன்னும் வீட்டில்தான் இருப்பார்.